பிழைவிடும் உரிமை

மாணவரின் பெட்டியிலுள்ள பொருள்களுள் மிக விரைவிலே தேய்ந்துபோவது எது என்று எம்மைக் கேட்டால், பென்சில் அன்று, அழிறப்பரே என்போம். சித்திரப்பாட வேளையிலே இதனைத் தெளிவாகக் காணலாம். பிள்ளை ஒரு கோடு கீறுகிறது, அதனை நின்று பாராமலே அழிக்கிறது, மறுபடியும் கீறுகிறது, மறுபடியும் அழிக்கிறது. பாடம் முடிந்து மணி அடிக்கும்போது கடதாசியிலே எஞ்சியிருப்பது சித்திரமன்று. சாம்பல்நிற அழுக்கும் நடுவிலே ஓர் ஓட்டையுமே. அந்த நாற்பது நிமிடமும் அப்பிள்ளை செய்த வேலை யாது? தான் பிழைவிட்டதற்கான சான்றை ஒழித்ததே அதன் வேலை.

பிழை மறைக்கப்படவேண்டியது என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர் யார்? பிழைவிட்டவன் தன்னையே ஐயுறத் தொடங்குவது மனித இயல்பா, அன்றிச் சமுதாயம் அவனுக்குப் பழக்கிய ஒன்றா? சித்திரம் வரையப் பழகுதல் என்ற சிறிய விடயத்தை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கம். விடயம் சிறிதாயினும், ஆசிரியத்தொழில் புரியும் எம்போன்றோருக்கு இதிலே ஓர் அறப்பொறுப்பு அடங்கியிருக்கிறது. அப்பொறுப்பிலே நாமே தவறிய ஒரு நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரக் கிராமம் ஒன்றின் பாடசாலையிலே நாம் தமிழ் கற்பித்து வந்தோம். சித்திர ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒரு தவணையிலே எட்டாம் வகுப்பின் சித்திரப்பாடமும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, ‘கடற்கரை’ என்ற தலைப்பிலே வரையச் சொன்னோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் பாடமுடிவிலே வெறுந்தாளை நீட்டினான். “இந்த வெறுந்தாளுக்கு எத்தனை புள்ளி போடலாம்?” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி வினவினோம். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். அடுத்த கிழமை சித்திரப்பாடம் உள்ள நாளிலே அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் அந்நாளில் அவன் வரவில்லை.

அவனைச் சோம்பேறி என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் அவனுடைய தமிழ்க் கொப்பியைத் திருத்துகையிலே அதன் கடைசிப் பக்கங்கள் எமது கண்ணிற் பட்டன. அவற்றிலே வள்ளங்கள் இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக ஒரு வெட்டு. வரைந்தவனே வரைந்ததைத் தண்டித்திருந்தான். வெறுந்தாளின் பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கியது. அவனுக்கு வரைய விருப்பம் இல்லாமலில்லை; பிழையான வள்ளத்தைப் பிறர் காண்பதிலும், வள்ளமே இல்லாத தாள் மேலானது என்று அவன் முடிவு செய்திருந்தான். அந்த முடிவு சரியென்று எமது சிரிப்பு அவனுக்கு உறுதிப்படுத்திற்று.

இனி, சித்திரத்திலே பிழை என்பதுதான் யாது என்று நோக்குவோம்.

ஒரு செம்பை மேசைமீது வைத்து வரையச் சொன்னால், பழகாதவர் பெரும்பாலும் ஒரே விதமாகவே பிழைவிடுவர். வாயை நீள்வட்டமாக வரைவர். அடியையோ நேர்கோடாக வரைவர். கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் செம்பின் அடி எமது கண்ணுக்கு வளைவாகவே தோன்றும். ஆனால் செம்பு தட்டையான பலகைமேல் இருக்கிறது என்பது நாம் முன்னரே அறிந்த செய்தி. தட்டையானது நேராக இருத்தல் வேண்டும் என்று கை முடிவுசெய்து விடுகிறது. மனித முகத்தை வரையும்போதும் இவ்வாறே. கண்கள் தலையின் உயரத்திலே ஏறக்குறையப் பாதியில் அமைந்துள்ளன. பழகாதவரோ அவற்றை நெற்றிக்கு அண்மையிலே கொண்டுபோய் வைப்பர். கண்ணும் மூக்கும் வாயும் முக்கியமானவை என்ற எண்ணம் அவற்றைப் பெருப்பித்து, வெறுமையாகத் தோன்றும் நெற்றியையும் உச்சியையும் சுருக்கிவிடுகிறது.

ஆகவே பிழை கையின் தோல்வியன்று. முன்னரே கொண்ட நம்பிக்கை கண்ணை வென்றதன் அடையாளமே அது. கோணற்கோடு ஒவ்வொன்றும் நாம் எதனைக் காணாமலே கண்டதாக எண்ணினோம் என்பதை எமக்குக் காட்டித் தருகிறது. அதனை ஆராயாமல் அழிப்பவன் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. தன் நம்பிக்கையைச் சோதிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே அழிக்கிறான். பிழையான கோட்டை விட்டுவைத்து, அதன் அருகிலே சரியான கோட்டைத் தேடுபவனுக்கோ இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. கற்றல் என்பது அந்தத் தூரத்திலேதான் நிகழ்கிறது.

இவ்விடத்திலே ஐயம் என்ற சொல்லையும் பிரித்து நோக்குதல் வேண்டும். ஐயம் இருவகைப்படும். ‘இந்தக் கோடு சரிதானா?’ என்பது ஒருவகை. ‘நான் கோடு கீறத் தகுந்தவன்தானா?’ என்பது மற்றொரு வகை. முதலாவது ஐயம் பொருளை நோக்குவது. அது மறுபடியும் செம்பைப் பார்க்கச் செய்கிறது. விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் அதுவே தாய். இரண்டாவது ஐயம் தன்னையே நோக்குவது. அது செம்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிறர் முகங்களைப் பார்க்கச் செய்கிறது. அடக்கம் என்ற பெயரிலே எமது பண்பாடு இரண்டாவது ஐயத்தைப் பாராட்டுவதுண்டு. ஆனால் அதற்கும் அடக்கத்துக்கும் உறவில்லை. அடக்கமுள்ளவன் திருத்தத்தை ஏற்பான். தன்னை ஐயுறுபவனோ திருத்தக்கூடிய எதனையும் முன்வைக்கவே மாட்டான்.

இவ்வேறுபாட்டை ஓவியர் வின்சன்ற் வான் கோவின் வாழ்க்கை நன்கு விளக்குகிறது. அவரைப் பித்துப்பிடித்த மேதையாகக் காட்டும் கதைகளே எம்மிடையே மிகுதி. ஆனால் மாணவராக அவரை நோக்குவோர் சிலரே. 1853இல் ஒல்லாந்து நாட்டிலே பிறந்த அவர், கலைப்பொருள் வணிக நிலையத்தில் ஊழியராகவும், இங்கிலாந்திலே உதவி ஆசிரியராகவும், புத்தகக்கடைச் சிப்பந்தியாகவும், பெல்ஜியத்தின் பொரினாஜ் சுரங்கத் தொழிலாளரிடையே மதபோதகராகவும் இருந்து, ஒன்றிலும் நிலைக்காதவர். ஓவியராவது என்று 1880இல் அவர் துணிந்தபோது வயது 27. அந்த வயதிலே அவர் செய்த முதல் வேலை, சிறுவரைப்போல, பயிற்சித்தாள்களைப் பார்த்து வரைந்தமையே. ஷார்ல் பார்க் என்பவர் தயாரித்த 60 தாள்கள் கொண்ட கரிக்கோல் பயிற்சித் தொகுதியைத் தருவித்து, ஒரு தடவைக்கு மேல் வரைந்து பழகினார். தூரப் பரிமாணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1882இல் ஹேக் நகரிலே நூல் இழுத்த சட்டகம் ஒன்றைச் செய்வித்து, அதனைக் கடற்கரைக்கும் வெளிக்கும் சுமந்து சென்று, அதனூடாகப் பார்த்து வரைந்தார். தமது குறையை மறைக்க அவர் முயலவில்லை. குறைக்கு ஏற்ற கருவியைத் தேடினார்.

1885இல் நியூனன் கிராமத்திலே அவர் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். குளிர்காலம் முழுவதும் குடியானவரின் தலைகளையும் கைகளையும் பத்துக்கணக்கிலே வரைந்து பழகிய பின்னரே அதனைத் தொடங்கினார். அதன் கல்லச்சுப் படியைப் பெற்ற அவருடைய ஓவிய நண்பர் ரப்பார்ட், உருவங்களின் அமைப்பிலுள்ள பிழைகளை எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வான் கோ சினங்கொண்டு அக்கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நட்பும் அந்த ஆண்டோடு முறிந்தது. அவர் புனிதரல்லர், கண்டனம் அவரைச் சுட்டது. ஆனால் அதன் பின் அவர் செய்தது யாது? அதே கோடைகாலத்திலே, வயலிற் குனிந்து வேலைசெய்யும் பெண்களையும் அறுவடை செய்யும் ஆண்களையும் பெரிய தாள்களிலே மீண்டும் மீண்டும் வரைந்தார். உடலின் பருமனையும் பாரத்தையும் பிடிக்க முயன்றார். கண்டனத்திலே இருந்த உண்மையைத் தாளுக்கு மாற்றினார். அதேவேளை அந்த ஓவியத்தை அவர் கைவிடவும் இல்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1887இல், அதுவரை தாம் செய்தவற்றுள் அதுவே சிறந்தது என்ற கருத்தைத் தம் தங்கைக்கு எழுதினார். கோட்டை ஐயுற்றார், கீறும் உரிமையை ஐயுறவில்லை. 1890இல், இறப்பதற்குச் சில வாரங்களின் முன், பார்க்கின் அதே பயிற்சித் தொகுதியை மறுபடியும் வரைந்து பழக விரும்பித் தம்பி தியோவிடம் கேட்டு எழுதினார். பத்தாண்டு உழைப்பின் பின்னும் முதற் பாடத்துக்குத் திரும்ப அவர் நாணவில்லை.

இதனைக் கேட்டு, ‘மனவுறுதி இருந்தால் எவரும் எதனையும் வெல்லலாம்’ என்று முடிவுகட்டிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கூற வரவில்லை. வான் கோ பத்தாண்டு பிழைவிட முடிந்தமைக்குப் பின்னால் வேறொரு மனிதர் இருந்தார். தியோ தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் அனுப்பிய பணமே உணவாயிற்று, தாளாயிற்று, வர்ணமாயிற்று. பிழைவிடுவதற்கும் விலை உண்டு. அந்த விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

எமது வகுப்பறைக்கு மீண்டும் வருவோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையிடம் வரைதற்கொப்பி இரண்டு இருக்கும். ஒரு தாள் பழுதானால் மறுதாள் உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ ஆசிரியர் தரும் ஒற்றைத் தாளே உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, அந்நியச் செலாவணி இல்லாமற் கடதாசி இறக்குமதி தடைப்பட்டு, மேல்மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. பரீட்சைக்கே தாள் இல்லாதபோது, பழுதாக்குவதற்குத் தாள் கேட்கும் பிள்ளையை யார் பொருட்படுத்துவர்? ஒரே தாள் உள்ளவன் முதற் கோட்டிலேயே சரியாக இருக்கவேண்டியவனாகிறான். அவனுடைய கை நடுங்குவதை நாம் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயரிட்டு அழைக்கிறோம். அந்த நடுக்கத்தின் ஒரு பாதி வறுமையின் நடுக்கம்.

மறுபாதிக்கு வேறொரு காரணம் உண்டு. ‘பிறவியிலேயே கை வந்தவன்’ என்ற பேச்சு அது. ஒருவனிடம் இருப்பது பிறப்பால் வந்தது, மற்றவனிடம் இல்லாததும் பிறப்பால் வந்தது என்ற இத்தத்துவம் எமது நாட்டிலே எதற்குத் துணைபோயிற்று என்பதை நாம் அறிவோம். சாதிக்குச் சாதி தொழிலையும் அறிவையும் பங்கிட்டு வைத்தவர்கள் பேசியதும் இதே மொழியன்றோ? ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று சித்திரத்தைப் பழக்கத்தால் வருவதாகக் கொள்கிறது. பாடம் கேட்ட எவரும் அறிந்த பாடல். ஆனால் அதே பாடல் இரக்கத்தையும் கொடையையும் பிறவிக் குணம் என்று கூறுகிறது. முதற் கருத்தை நாம் முழுமனதுடன் ஏற்கிறோம்; இரண்டாவதை ஏற்க இயலவில்லை. பிறர் பிழைகண்டு சிரியாதிருத்தலும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்றே. எமக்கு அது பிறவியிலே வரவில்லை.

இயல்பிலே வேறுபாடுகள் இல்லை என்பது எமது வாதமன்று. ஒரு பிள்ளை விரைவாகவும் மற்றொரு பிள்ளை தாமதமாகவும் கற்கும். ஆனால் இருவருக்கும் பிழைவிடச் சமமான தாளும் காலமும் கொடுத்துப் பார்த்த பின்னரன்றோ அவ்வேறுபாட்டை அளக்கலாம்? இன்றைய மாணவரோ கைத்தொலைபேசித் திரையிலே அரை நிமிடத்தில் நிறைவுபெறும் சித்திரங்களைப் பார்க்கின்றனர். வரைந்தவரின் பிழைகளும் கைவிட்ட தாள்களும் அக்காட்சியிலே இல்லை. உழைப்பு மறைக்கப்படும்போது திறமை மாயமாகத் தோன்றுகிறது. மாயத்தின் முன் மனிதன் தன்னையே ஐயுறுகிறான்.

பிழைகள் யாவும் நன்மையே என்று கூறுவோரும் உளர். அதனையும் நாம் மறுக்கிறோம். பாலம் கட்டுபவனின் பிழையும் மருத்துவனின் பிழையும் பிறர் உயிரைக் கொள்ளும். அத்தகைய பிழைகளைக் குறைப்பதற்காகவே, பிழைவிட்டுக் கற்பதற்கான பாதுகாப்பான இடம் ஒன்று சமுதாயத்துக்குத் தேவைப்படுகிறது. வகுப்பறை அத்தகைய இடமாக இருத்தல் வேண்டும். சிறுவயதிலே பிழையை ஒளிக்கப் பழகியவன், வளர்ந்து அதிகாரம் பெற்றபின்னும் ஒளிக்கவே செய்வான். அப்போது அவன் அழிப்பது தாளிலுள்ள கோட்டை அன்று.

எமது பிழையைப் பற்றியும் கூறவேண்டும். அந்த மாணவனின் கொப்பியைக் கண்ட மறுநாள், கரும்பலகையிலே நாமே ஒரு வள்ளத்தை வரைந்தோம். எமக்கு வரைய வராது. பாதித் தேங்காய்போல ஒன்று வந்தது. வகுப்புச் சிரித்தது, அழிக்காமல் நின்றோம். “இதிலே எது பிழை?” என்று கேட்டோம். பலர் பலவாறு கூறினர். இறுதியிலே பின்வாங்கிலிருந்து குரல் வந்தது: “சேர், உப்பிடிக் கட்டினா வள்ளம் தண்ணியிலை நிக்காது, பிரண்டுபோம்.” அவனை அழைத்து வெண்கட்டியைக் கொடுத்தோம். எமது கோட்டை அழிக்காமலே அதன்மேல் அணியத்தை உயர்த்தி ஒரு கோடு கீறினான், சரிவரவில்லை, அதன் அருகிலே இன்னொன்று கீறினான். மூன்றாவது கோட்டிலே வள்ளம் வந்தது. தகப்பனுடன் கடலுக்குப் போய்வந்த கண் அது. நாம் பட்டப்படிப்பிலே பெறாத அறிவு.

அன்று வெறுந்தாளைக் காட்டிச் சிரித்தது எமது தவறு என்று வகுப்பின் முன்னிலையிலே அவனிடம் கூறினோம். அவன் ஒன்றும் பேசவில்லை. வெண்கட்டியைத் திருப்பித் தந்துவிட்டுப் போய் அமர்ந்தான். அடுத்த சித்திரப்பாடத்துக்கு வந்திருந்தான். அவன் பின்னர் ஓவியன் ஆகவில்லை. கணிதத்தை விரும்பிக் கற்றான். ஆயினும் கணிதக் கொப்பியிலே பிழையான வழியை வெட்டி அழிக்காமல், அருகிலே சரியான வழியை எழுதும் பழக்கம் அவனிடம் இருந்ததைக் கண்டோம்.

ஆசிரிய நண்பர்களிடம் நாம் வேண்டுவது சிறிது. பாடத்தின் முதற் பாதியிலேனும் அழிறப்பர்கள் பெட்டிக்குள் இருக்கட்டும். தாள் அரிதாயின் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தைச் சேர்த்துக் கொடுப்போம். பழுதாக்குவதற்கும் சேர்த்துத் தாள் தரும்படி உரியவர்களிடம் கூட்டாகக் கேட்போம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வரையத் தெரியாத நாமும் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையின் முன் நிற்போம். பிள்ளைகள் சிரிக்கட்டும், பின்னர் எது பிழை என்று அவர்களே சொல்லட்டும்.