அரபுக் குதிரையின் அளவை வகுப்பது யார்?

லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் எலும்புக்கூடு நிற்கிறது. நெப்போலியனைச் சுமந்த மாரெங்கோ என்று அறியப்படும் அரபுக் குதிரை அது. உயரம் சுமார் 145 செ.மீ. மட்டுமே.

அந்த இனத்துக்கு அது இயல்பான அளவுதான். குதிரையின் உயரத்தைத் தலைவரை அளப்பதில்லை; கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டோடு நிறுத்திவிடுவார்கள். 4 அங்குலம் கொண்ட ‘கை’ அதற்கான அலகு. அரபுக் குதிரை பெரும்பாலும் 14 கை 1 அங்குலம் முதல் 15 கை 1 அங்குலம் வரை, அதாவது 145 முதல் 155 செ.மீ. வரை வளரும். எடை 360 முதல் 450 கிலோ. பாரவண்டி இழுக்கும் ஷயர் குதிரை இதைப்போல் இரு மடங்கு கனம்.

இந்த அளவை வகுத்தது இறைவனா, பாலைவனமா, மனிதனா?

எல்லாப் பொருளும் ஓர் அளவோடு படைக்கப்பட்டிருப்பதாகத் திருக்குர்ஆனின் 54-ஆம் அத்தியாயம் சொல்கிறது. 100-ஆம் அத்தியாயம் மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. இறைவனின் படைப்பை மாற்றத் தூண்டுபவன் ஷைத்தான் என்று 4-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. விலங்குகளுக்குக் காயடிப்பது கூடுமா என்று மார்க்கச் சட்ட அறிஞர்கள் விவாதித்தபோது இந்த வசனமும் பேசப்பட்டது.

அப்படியானால் இனவிருத்தியே பாவமா? அரபுப் பாலைவன நாடோடிகளான பதூயின் மக்கள் தங்கள் குதிரைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் வளர்த்தார்கள். தாய்வழி வம்சத்தைத் தலைமுறைகளாக நினைவில் வைத்திருந்தார்கள். மேய்ச்சல் அற்றுப்போன நாட்களில் பேரீச்சம்பழமும் ஒட்டகப் பாலும் ஊட்டினார்கள்; அருமையான பெண் குதிரையைத் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே கட்டினார்கள். பெருத்த உடலுக்குத் தீனியும் தண்ணீரும் அதிகம் வேண்டும். உள்ளே மூளும் வெப்பமும் எளிதில் தணியாது. ஆக, தேர்ந்தெடுத்தது மனிதன் என்றாலும், அந்தத் தேர்வு சரியா தவறா என்று தீர்ப்புச் சொன்னது பாலைவனம். அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரை, மனிதன் படைப்போடு ஒத்துழைத்தான் என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் சியரா நெவாடா மலைகளில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பைக் குதிரைப் பந்தயத்தில் அந்தத் தேர்வின் பலனை இன்றும் பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டும். வழியில் கால்நடை மருத்துவர்கள் குதிரையின் நாடியைப் பார்க்கிறார்கள். தோலைக் கிள்ளிவிட்டு அது எவ்வளவு விரைவாகப் படிகிறது என்று கவனிக்கிறார்கள். ஈறை விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். தேறாத குதிரைக்கு அதோடு பந்தயம் முடிந்தது. இந்தச் சோதனைகளையெல்லாம் கடந்து அங்கே நெடுங்காலமாக ஓங்கி நிற்பது அரபு இனமே.

அழகுப் போட்டியின் கதை வேறு. அரபுக் குதிரையின் முகம் கண்களுக்குக் கீழே சற்றே உள்வாங்கியிருக்கும். அந்த வளைவுக்குப் பரிசும் விலையும் கூடியதால், சிலர் அதை ஆழமாக்கிக்கொண்டே போனார்கள். 2017-ல் ஓர் அமெரிக்கப் பண்ணையின் குட்டி, மிதமிஞ்சிக் குழிந்த முகத்தோடு படங்களில் வந்தபோது கால்நடை மருத்துவர்கள் கவலை தெரிவித்தனர். மூச்சுக்குத் தொந்தரவில்லை என்றது பண்ணைத் தரப்பு. ஆனால் குதிரை வாயால் மூச்சுவிட முடியாத பிராணி. மூக்கு ஒன்றே அதன் காற்றுவழி. அதைக் குறுக்கும் அபாயத்தை ரசனையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி, அவன் கையில் இருப்பவை அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டவை என்பது இஸ்லாமியச் சிந்தனை. அந்த அமானிதத்தை இன்று ஆய்வுக்கூடத்திலும் காக்கலாம். அரபு இனத்தில் ஒரு பரம்பரை நோய் உண்டு. நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் குட்டி சில மாதங்களில் இறந்துவிடும். தாய், தந்தை இரண்டுமே குறையுள்ள மரபணுவைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. 1997-ல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது, பரிசோதனையும் வந்துவிட்டது. இனி அப்படிப்பட்ட ஜோடியைச் சேர்க்கும் வளர்ப்பாளர் விதியின் மீது பழி போட முடியாது. போட்டி நடுவரும் முகத்தின் வளைவுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன், அந்தக் குதிரை ஓடி முடித்து எப்படி மூச்சுவிடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.