சொல்லாது விற்றல்

பழைய வாகனம் ஒன்றை விற்க முற்படுவோன் அதன் குறையை அறிவான். வாங்க வந்தோன் அறியான்; அதைக் குறித்துக் கேட்கவும் இல்லை. விற்போன் பொய் ஒன்றும் உரையாமல், கேட்டவற்றுக்கு மட்டும் உண்மையாக விடையிறுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறான். இவன் பொய்யாமை நோன்பைக் காத்தவனா, இழந்தவனா? நெல்லும் நிலமும் மாடும் கைமாறிய காலத்திலேயே எழுந்த வினா இது. ஆயினும் மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்லக் கூடியவர் ஊர்தோறும் இருந்தனர். எஞ்சினின் உள்ளே நடப்பதை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்?

நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் வாழும் அமெரிக்காவிலிருந்தே எடுத்துக்காட்டைக் கொள்வோம். அந்நாட்டினர் பெரிதும் விரும்பும் வாகனங்களுள் ஒன்று, லாரியைப் போலத் தனிச் சட்டத்தின்மேல் உடற்பகுதி பொருத்தப்பட்ட எஸ்.யூ.வி. என்னும் பெருவண்டி. செவ்ரோலெட் டாஹோ அவ்வகையிற் பெயர்பெற்றது. 2007 முதல் 2014 வரை வந்த டாஹோக்களில் பெரும்பாலானவை 5.3 லிட்டர் அளவும் எட்டுச் சிலிண்டர்களும் கொண்ட எஞ்சினை உடையவை. சுமை குறைவாக உள்ளபோது நான்கு சிலிண்டர்களை ஓயச் செய்து எரிபொருளை மிச்சப்படுத்தும் ஏற்பாடு ஒன்று அதில் உண்டு. எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு, வால்வுகளை இயக்கும் லிஃப்டர் எனப்படும் சிறு உருளைகளை அது செயலற்றவை ஆக்கும். நோக்கம் நல்லதே. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த லிஃப்டர்களுள் ஒன்று சிக்கிக்கொள்வது, அவ்வெஞ்சினைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் நன்கறிந்த நோய். முதலில் 'டிக் டிக்' என்ற ஒலி; பின்னர் ஒரு சிலிண்டர் சரிவர எரியாது வண்டி தடுமாறும்; கேம் தண்டும் தேய்ந்து போகும். சிலிண்டர் தலைகளைக் கழற்றாமல் இதைச் சீர்செய்ய இயலாது. சில ஆயிரம் டாலர்கள் செலவாகும்.

மற்றொரு நோய் எண்ணெய் குடித்தல். அழுத்தத்தைத் தணிக்கும் வால்விலிருந்து தெறிக்கும் எண்ணெய் சிலிண்டர்ச் சுவரை நனைக்க, பிஸ்டன் வளையங்களிற் கரி படிகிறது; எண்ணெய் எரிந்து குறைகிறது. பின்னாளில் அவ்வால்வுக்கு மறைப்புத் தகடு பொருத்தும் முறையை நிறுவனமே வகுத்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்பிடும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளுக்குத் துருவும் ஒரு கேடு. பிரேக் குழாய் துருப்பிடித்தால் உயிருக்கே இடர்.

இனி விற்போன் செயலுக்கு வருவோம். 1996 முதல் அங்கு விற்கப்படும் கார்கள் தம் குறைகளைத் தாமே குறித்து வைக்கும் கணினி உடையவை. குறை தோன்றினால் எச்சரிக்கை விளக்கு எரியும். சிறு கருவியொன்றைச் செருகி அக்குறிப்பை அழித்துவிடலாம், விளக்கு அணையும், குறை மட்டும் அப்படியே இருக்கும். ஆயின் அழித்த பின் கணினி தன் சோதனைகளை மீண்டும் நடத்தி முடிக்கச் சில நாள் ஓட்டம் வேண்டும். அதுவரை, சோதனைகள் முடியவில்லை என்பதை அதே கருவி காட்டிக் கொடுக்கும். மனிதன் வாய் மூடியிருக்க, பொறி உண்மை பேசுவது நமக்குச் சற்று நகைப்பாகவும் இருக்கிறது.

விளக்கை அணைத்தவன் பொய்யன் என்பதில் ஐயமில்லை. வாயாற் சொல்லாததைக் கையாற் சொன்னான். தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை நோன்புக்குக் கூறும் ஐந்து குற்றங்களுள், போலியை உண்மைப் பொருள்போல் வாணிகம் செய்தல் ஒன்று. இவன் செயல் அதனுள் அடங்கும். கடினமான வினா, ஒன்றுமே செய்யாது வாளா இருந்தவனைப் பற்றியது.

உரோம நாட்டுச் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இவ்வழக்கையே ஆராய்ந்தார். வாழத் தகாத வீடொன்றை, குறையை அறிந்தும் கூறாது விற்பவனைக் குறித்து ஸ்டோயிக் நெறியினர் இருவர் மாறுபடுகின்றனர். சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு என்பது ஆசிரியரான டயோஜெனீசின் கருத்து. வழி தவறியவனுக்கு வழிகாட்டாமையினும் இது கொடிது என்பது மாணாக்கரான ஆண்டிபேட்டரின் கருத்து. சிசரோ மாணாக்கர் பக்கமே நின்றார். நாமும் அப்பக்கமே நிற்கிறோம்.

கேட்டால் சொல்லியிருப்பேன் என்பது விற்போனின் வாதம். கேட்ட வினாவுக்கு மட்டும் விடையெழுதுக என்று தேர்வு மண்டபத்தில் மாணவரைப் பழக்கியவர்கள் நாம். அங்கே அது முறை. அங்கு வினவுவோர் விடையை முன்பே அறிந்தவர். சந்தையிலோ வினவுவோன் அறியாதவன். லிஃப்டர் என்ற சொல்லையே கேள்விப்படாதவன் அதைப் பற்றி எவ்வாறு கேட்பான்? அவனது அறியாமையைத் தன் ஊதியத்துக்குக் கருவியாக்குபவன், எடைக்கல்லைக் குறைத்தவனிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறான்?

ஆனால் விற்போன் பக்கமும் துயர் உண்டு என்பதை மறுக்கலாகாது. அவனும் சம்பளக்காரன், அவனுக்கு விற்றவனும் சொல்லாமலே விற்றான். உண்மையைச் சொன்னால் பழுதுபார்க்கும் செலவு முழுதும் விலையில் இறங்கும். வங்கிக் கடனோ இறங்காது. இந்நிலையில் உண்மை பேசச் சொல்வது பிறர் பணத்தில் அறம் செய்யச் சொல்வது போலத் தோன்றும். இரக்கத்தோடு கூறுகிறோம்: நட்டம் அவன்மேல் வந்து விழுந்தது அநீதியே, எனினும் அதை அறியாத மூன்றாமவன் தலையில் இறக்கிவைக்க அவ்வநீதி உரிமை தாராது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். நல்லதையும் தீயதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாதபோது இடைப்பட்ட விலையே தருவர். அவ்விலைக்கு விற்க மனமின்றி நல்ல வண்டியுடையோர் விலகுவர். சந்தையில் தீயவையே மிகும். ஆகவே ஒருவன் மறைப்பது நேர்மையாக விற்க வரும் அயலானையும் வருத்துகிறது.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமோ எனின், வேண்டா. தேய்ந்த டயரும் கிழிந்த இருக்கையும் கண்ணுக்குத் தெரிவன. நாளை எது முறியும் என்று சோதிடம் கூறவும் கடமையில்லை. தான் அறிந்ததும், பிறர் பார்த்தறிய முடியாததும் ஆகிய குறையையே சொல்லுதல் வேண்டும். அந்நாட்டுச் சட்டம் இதற்குத் துணை நிற்பது ஓரளவே. பழைய கார் வணிகர், உத்தரவாதம் உண்டா அன்றி உள்ளபடியே விற்பனையா என்பதை வண்டியில் எழுதி ஒட்ட வேண்டும் என்னும் விதி 1985 முதல் உண்டு. தம் சொந்த வண்டியை விற்கும் தனியாரை அது கட்டாது.

வாங்குவோரையும் ஒரு சொல் கேட்போம். விலை மலிந்தது என்று மகிழ்வோர், கைக்கு வந்த பின் அது கேட்கும் உணவை எண்ணுவதில்லை. 2,300 கிலோவுக்கு மேற்பட்ட எடை. ஏறக்குறைய 98 லிட்டர் கொள்ளும் தொட்டி. நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து ஒரு காலனுக்கு ஏறக்குறைய 17 மைல் என்பதே இவ்வண்டிகளுக்கு அரசு மதிப்பிட்ட அளவு. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடினால் 700 காலனுக்கு மேல் பெட்ரோல். பெரிய டயர்களின் விலையும், உயர்வகை வண்டிகளில் உள்ள மின்னணு ஷாக் அப்சார்பர்களின் விலையும் தனி. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதலுக்குக் கூறிய குற்றங்களுள் முதலாவது அதிவாகனம் என்பது. தேவைக்கு மிஞ்சிய ஊர்தி வைத்தல் என்றும், எருது முதலியவற்றை ஆற்றலுக்கு மீறி ஓட்டுதல் என்றும் அதற்கு இருவகையாகப் பொருளுரைப்பர். முதியோர், குழந்தைகள் என எண்மர் செல்லும் இல்லத்துக்கு இவ்வண்டி தேவையே ஆகலாம். இருவர் அலுவலகம் சென்றுவர எதற்கு என்பதை அவரவரே அளந்து கொள்க.

வாங்கியே தீர வேண்டியவர், தாம் வரும்வரை வண்டியை இயக்க வேண்டா என்று விற்போரிடம் முன்னரே சொல்லிவைப்பது நன்று. இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினை முதன்முதல் இயக்கும்போதே அந்த 'டிக்' ஒலி பெரும்பாலும் கேட்கும். சென்றவுடன் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். அது ஏற்கெனவே சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.