விதியும் பொறுப்பும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று எமது கிராமங்களிலே முதியோர் கூறுவதுண்டு. தாய்மைக்குரிய மரியாதையும், தலைமுறை தலைமுறையாகத் தாய்மாரைப் பறிகொடுத்த ஒரு சமூகத்தின் அச்சமும் இவ்வழக்கிலே தொனிக்கின்றன. ஆயின் அதனுள்ளே வேறொரு கருத்தும் மறைந்து கிடக்கிறது. பிழைத்தவள் மறுபடி பிறந்தாள் என்றால், பிழையாதவளுக்கு விதி அவ்வளவே என்பதுதான் அது. அக்கருத்தையே நாம் இங்கு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைப்பேற்றிலே ஒரு தாய் இறந்தால், அதற்குப் பொறுப்பாளி யார்?

எமது இலக்கியம் கருவறையை அறியாததன்று. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிலே, கருவிலுள்ள உயிர் மாதந்தோறும் எதிர்ப்படும் இடர்களுக்குத் தப்பி வருவதை வரிசைப்படுத்துகிறார். பத்தாம் மாதத்திலே அது தாயோடு சேர்ந்து படும் துயரமும் அங்கே பேசப்படுகிறது. ஆயினும் பாடலின் நாட்டம் பிறவியைக் கடக்க வேண்டிய உயிரின் மீதே. அவ்வுயிரைச் சுமந்தவள் பிழைத்தாளா என்பது அதன் வினா அன்று. பக்திப் பாடலிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. அக்காலத்திலே அவ்வினாவுக்கு விடைகாணும் அறிவு எவரிடத்தும் இருக்கவில்லை. இன்று உண்டு. ஆகவே வினாவைத் தவிர்க்கும் உரிமை எமக்கு இல்லை.

கருத்தரித்து ஏறத்தாழ 22 நாட்களில் சிசுவின் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டு வாரங்களில் முக்கிய உறுப்புக்கள் யாவற்றுக்கும் அடித்தளம் இடப்பட்டுவிடுகிறது. தாயின் குருதியும் சேயின் குருதியும் கலப்பதில்லை. நச்சுக்கொடியின் மெல்லிய சுவரினூடாகவே உணவும் உயிர்வாயுவும் சேயைச் சென்றடைகின்றன. இப்பணிக்காகத் தாயின் குருதியளவு ஏறக்குறைய அரைப்பங்கு பெருகுகிறது. இதற்கும் சேயின் வளர்ச்சிக்குமாக, கர்ப்ப காலம் முழுவதற்கும் சுமார் 1 கிராம் இரும்புச்சத்துத் தேவைப்படுகிறது. பேற்றுக்காலம் நெருங்கும்போது கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லீற்றருக்குக் குறையாத குருதி பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும், கருப்பை இறுகிச் சுருங்கித் திறந்து கிடக்கும் குருதிக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். அது நிகழாவிடின் தாயின் உயிர் ஊசலாடத் தொடங்கும்.

இதுவரை நாம் கூறியது இயற்கையின் செயல். இயற்கை செல்வர் வீட்டுக்கு ஒரு விதியும் ஏழை வீட்டுக்கு வேறொரு விதியும் வகுப்பதில்லை. ஆனால் அந்த ஒரு கிராம் இரும்பு எங்கிருந்து வரும்? வீட்டிலே எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவளுக்கு அது எளிதிற் கிட்டுவதில்லை. குருதிச் சோகையோடு பேற்றுக்குச் செல்லும் அவள், நல்லுடலினள் ஒருத்தி தாங்கக்கூடிய குருதியிழப்பைத் தாங்கமாட்டாள். மரணப் பதிவிலே குருதிப்பெருக்கு என்று எழுதப்படும். அதற்கு முந்திய பசியையும், உரிய வேளையில் வந்துசேராத வண்டியையும் எழுத அப்பத்திரத்தில் இடமில்லை.

வறுமை ஒன்றே காரணம் என்று முடித்துவிடவும் இயலாது. கற்றோரும் விதியின் பின்னே ஒளிந்துகொண்டதுண்டு. வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையிலே இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1846 இல், வைத்திய மாணவர் பயின்ற முதற் பிரிவிலே நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தனர். மருத்துவிச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவிலே நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதற் பிரிவுக்குச் செல்வதிலும் தெருவிலே பிள்ளை பெறுவது மேல் எனப் பெண்கள் அஞ்சினர். காற்றின் கேடு என்றும் காலநிலை என்றும் பேரறிஞர் விளக்கம் கூறினர். அங்கு பணிபுரிந்த ஹங்கேரியரான இக்னாஸ் செமெல்வைஸ், பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு வைத்தியர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலிலே கைகழுவுதலைக் கட்டாயமாக்கினார். 1848 இல் முதற் பிரிவின் மரணம் நூற்றுக்கு 1.3 அளவுக்கு வீழ்ந்தது.

எனினும் வைத்திய உலகிற் பலர் அவரை ஏற்கவில்லை. ஏற்பதாயின், தத்தம் கைகளே கொன்றன என்பதையும் ஏற்கவேண்டியிருந்தது. செமெல்வைஸ் தம் கையால் மாண்டோரும் பலர் என்பதை 1861 இல் வெளியிட்ட தமது நூலிலே ஒப்புக்கொண்டார். 1865 இல் மனநோய் விடுதியொன்றிலே இறந்தார். உண்மையை அறிவதற்குப் புத்தி போதும். அதனை ஒப்புக்கொள்வதற்கு நெஞ்சுரமும் வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஒப்புக்கொண்ட சமூகம் எதைச் சாதிக்கும் என்பதற்கு வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. 1940களின் நடுப்பகுதியில், இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்களுக்கு 1,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இந்நூற்றாண்டிலே அத்தொகை 50க்குக் கீழே இறங்கியது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடுவீடாகச் சென்ற மருத்துவமாதர், இலவச வைத்தியம், மலேரியாத் தடுப்பு, 1945 முதல் பெண்பிள்ளைகளுக்கும் திறந்த இலவசக் கல்வி ஆகியன சேர்ந்தே இதனைச் சாதித்தன. ஆயின் கொழுந்துக் கூடையோடு மலையேறிய தாய்மாரை இந்நன்மைகள் பிந்தியே சென்றடைந்தன. தோட்டத்துச் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே பெரிதும் இருந்தது. ஒரே தீவிலே விதி இருவேறாக இருக்க முடியுமா?

விதி என்ற சொல் துயருற்றோருக்கு ஆறுதல் தருகிறதே, அதை ஏன் பறிக்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். எமது வகுப்பிலே ஒருமுறை மாணவர் விபரம் எழுதியபோது, தாயின் பெயரைக் கேட்டோம். ஒரு சிறுவன் எழுந்து, "நான் பிறந்ததாலைதான் அம்மா செத்தவ, சேர்" என்றான். தாயைத் தின்று பிறந்தவன் என்று யாரோ அவன் காதிலே ஓதியிருந்தனர். அன்று எம்மால் பாடம் நடத்த முடியவில்லை. விதியென்று பெரியோர் இறக்கி வைத்த சுமை எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவனே எமக்குக் கற்பித்தான். அது மறைந்துவிடுவதில்லை; பேசத் தெரியாத சிசுவின் தலையிலே ஏறிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2023 இல் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தோடும் பேற்றோடும் தொடர்பான காரணங்களால் இறந்தனர். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட மரணங்கள் வறிய நாடுகளுக்கும் அவற்றை அடுத்த நிலையிலுள்ள நாடுகளுக்கும் உரியவை. அவற்றுட் பெரும்பாலானவை தடுக்கத்தக்கவை. தடுக்க இயலாத மரணமும் உண்டு. அங்கே அழுவதற்கு எமக்கு உரிமையுண்டு. ஆனால் தடுக்க இயன்றதா என்று கேட்டு, விடைகண்ட பின்னரே அவ்வுரிமை எமக்கு உரியதாகும். அந்தச் சிறுவனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பதும் அந்த விடைக்கே.