கயிறு கட்டாத தாயத்து

மந்திரித்த கயிறு கட்டியவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. 'பி.பி.ஏ. இல்லை' என்று ஒட்டிய பாட்டிலைக் கண்டால் மட்டும் பணத்தை நீட்டிவிடுகிறோம். அதுவும் தாயத்துதான். பி.பி.ஏ. என்கிற பிஸ்ஃபீனால் ஏ ரசாயனத்தை எடுத்துவிட்டு வேறு எதைப் போட்டார்கள் என்று யாராவது கேட்டோமா? உதாரணமாக, பில் அடிக்கும் வெப்பத்தாளில் பிஸ்ஃபீனால் ஏ போய் பிஸ்ஃபீனால் எஸ் வந்தது. அதுவும் ஈஸ்ட்ரோஜன் வேடம் கட்டுகிற சரக்கே.

பிஸ்ஃபீனால் ஏ-வுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்று லண்டனில் டாட்ஸ் என்ற ஆய்வாளர் 1936-லேயே காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் அதிலிருந்து பாட்டிலும், டின்னின் உள்பூச்சும் செய்தார்கள். ஈஸ்ட்ரோஜன் என்றால் கருப்பைச் சமாசாரம் என்று ஆண்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நோய் எதிர்ப்பணுக்களான டி செல், பி செல், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, ஆண் உடம்பிலும். அழற்சியை எப்போது கூட்டுவது, எப்போது அடக்குவது என்பதில் அந்த ஹார்மோனுக்கும் பங்குண்டு. போலி ஹார்மோன் அங்கேயும் கை வைக்கும்.

2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பி.பி.ஏ.வுக்கான தினசரி வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. எலிகளில் டி.எச்.17 என்ற எதிர்ப்பணுக்கள் பெருகியதே முக்கியக் காரணம். இவை மிஞ்சினால் உடம்பு தன்னையே தாக்கும் நோய்களுக்கு வழி பிறக்கலாம். எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இந்தக் கணக்கை ஏற்காமல், ஆயிரம் மடங்கு உயர்ந்த வரம்பைச் சொன்னது. மோதட்டும், அறிவியல் அப்படித்தான் நடக்கும்.

ஆனால் அந்த விவாதம் முடியும்வரை யார் உடம்பு காத்திருக்கிறது? ஜவுளிக்கடை கல்லாவில் நாள் முழுக்க பில் கிழிக்கும் பெண்ணின் விரல்களைப் பாருங்கள். நகத்தால் கீறினால் கறுக்கும் அந்தத் தாளில், சாயத்தை எழுப்பும் ரசாயனம் எதனோடும் பிணையாமல் மேலேயே கிடக்கிறது. சானிடைசர் ஈரம் காயாத கையில் இன்னும் வேகமாக ஏறும். கடை ஊழியர் உட்காரும் உரிமைக்கே தமிழ்நாட்டில் 2021 வரை சட்டம் இல்லை. தாளைப் பற்றி எந்த முதலாளி யோசிப்பார்? கேட்டால், "கெடுதல்னு நிரூபணம் இருக்கா?" என்பார். சாமியாரிடம் அற்புதத்துக்கு ஆதாரம் கேட்கும் நாம், கெடுதல் இல்லை என்பதற்கான ஆதாரத்தை ஏன் அந்த முதலாளியிடமும், தாளை விற்றவரிடமும் கேட்பதில்லை?