கடுக்காயிலிருந்து தொடங்குவோம்

மலைமக்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதிலிருந்து சொல்லத் தொடங்குவது? இதைப் பாடத்திட்டப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. இது அறம் பற்றிய கேள்வி. திண்டுக்கல்லில் எங்கள் சேரிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பக்கம் சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். இரண்டிலும் பளியர் வாழ்கிறார்கள். ஆனாலும், "அண்ணே, பளியங்க இன்னும் குகையிலயா இருக்காங்க?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

வழக்கமான பாடம் உணவு, உடை, ஆட்டம், சாமி என்று முடிந்துவிடும். காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவார்கள், கொடியைப் பிடித்து இறங்கிப் பாறைத்தேன் எடுப்பார்கள். பொய்யில்லை. ஆனால் காடு அரசாங்கச் சொத்தானது எப்படி, தேனுக்கு விலை வைத்தவன் எவன், காப்பித் தோட்டத்தில் பளியர் கூலியானது ஏன் என்பது அதில் வராது. நிலத்தைக் கழித்துவிட்டுப் பண்பாட்டை மட்டும் காட்டினால் மனிதர்கள் காட்சிப்பொருளாகிவிடுகிறார்கள்.

நம்மையும் இப்படித்தான் எழுதினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் 1909இல் ஏழு தொகுதிகளாக அடுக்கினார். அதில் பறையரும் உண்டு, பளியரும் உண்டு. அந்த அளவுகோலை நாம் கையில் எடுக்கலாமா?

அதற்காக, 'அவங்களும் நம்மள மாதிரித்தான்' என்று ஒரே வரியில் முடிப்பதும் நியாயமில்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்து ஊர்வேலை வாங்கினார்கள். அவர்களைச் சொந்தக் காட்டிலேயே அந்நியராக்கினார்கள். இரண்டு காயமும் ஒன்றல்ல.

அதனால் நான் கடுக்காயிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் தோல்ஷாப்புகளுக்குப் பேர்போனது. பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டும். மலையில் கடுக்காய் பொறுக்கியது பளியர் கை. கீழே சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்தது நம் பாட்டன் கால். நடுவில் இருந்தவன் லாபம் பார்த்தான். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப அவங்க நமக்கு என்ன வேணும்?" முறை கேட்கிறது பிள்ளை. குகையைப் பற்றிய கேள்வி அதோடு நின்றது.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் பளியரிடையே தங்கி எழுதினார். ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செய்வதில்லை. பிள்ளைகளை அடிப்பது அரிது. சச்சரவு வந்தால் விலகிப் போய்விடுகிறார்கள். சமவெளிக்காரன் இதைப் பயம் என்கிறான். எதிர்த்து நிற்பதையே அரசியலாகக் கற்ற நமக்கும் இது இடறத்தான் செய்கிறது. "அடிச்சா திருப்பி அடிக்க வேணாமாண்ணே?" என்றான் ஒருவன். நமக்கு விலகிப் போக இடமிருந்ததில்லை, எதிர்த்தோம் என்றேன். அவர்களுக்குக் காடு இருந்தது. அதிகாரம் இல்லாமல் வாழ்வதும் ஒரு வீரம்தான். ஆனால் காடு பறிபோனால் எங்கே விலகுவது?

ஆகவே அவர்கள் பண்பாட்டைப் புகழ்கிறவர் அவர்கள் காட்டுரிமைக்கும் நிற்கவேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் குடியிருக்கவும் தேன், கடுக்காய் போன்ற விளைபொருளை எடுத்து விற்கவும் உரிமை தருகிறது. பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் காட்டும் முன் இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள் தோழர்களே. அடுத்த பாடத்தை, உரிய சம்பளத்தோடு, பளியரே எடுக்கட்டும். நாமும் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்து கேட்போம்.