சுத்தியும் ஹிம்சையும்

அழுக்கை நீக்க வேண்டும் என்பதில் எந்தச் சமயத்துக்கும் மாறுபாடில்லை. அது பொருளின் சுபாவமா, இடையில் வந்து படிந்ததா, அதை நீக்குபவன் யார் என்பவற்றில்தான் தரிசனங்கள் பிரிந்து நின்று வாதாடுகின்றன. அந்த வாதங்களின் நடுவே அதிகம் எழுப்பப்படாத வினா ஒன்று உண்டு: நீக்குகிற செயலே பொருளைக் காயப்படுத்துமானால், அந்தச் சுத்தியைப் புண்ணியம் என்பதா, ஹிம்சை என்பதா? இதை ஆராய மடாலயங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. காலையில் ஆபீசுக்குப் புறப்படுமுன் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கை உலர்ந்த துணியால் அழுந்தத் துடைக்கிற எவரையும் சற்று நின்று கவனித்தால் போதும்.

அவர் கையில் இருப்பது பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் செருகி வைத்த பனியன் வேஸ்ட். துணி மிருதுவானதுதான், அவருடைய சிரத்தையிலும் குறைவில்லை. ஆனால் இரவெல்லாம் டாங்கின் மேல் படிந்த புழுதியில் கண்ணுக்குப் புலப்படாத மணல் துணுக்குகள் கலந்திருக்கின்றன. மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ், வைரத்துக்கு 10 என்று வைத்துக் கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் 7-ஆம் படியில் நிற்பது. சாதாரண இரும்பையே கீற வல்லது. அது உராய்வதோ, நிறத்தின் மேல் காப்பாகப் பூசப்பட்டதும், ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் கனமே உடையதுமான தெளிந்த பூச்சின் மீது. துணி நகரும்போது துணுக்குகள் இடையில் அகப்பட்டு, போகிற வழியெல்லாம் கீறிக்கொண்டே செல்கின்றன. நிழலில் ஒன்றும் தெரிவதில்லை. நடுப்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தினால், டாங்கில் தெரியும் சூரிய பிம்பத்தைச் சுற்றி நுண்ணிய வளையங்கள் ஆயிரம் வெளிப்படுகின்றன. புழுதி சும்மா கிடந்த வரையில் ஒரு கீறலும் விழவில்லை என்பது இங்கே சிந்திக்கத் தக்கது. அதற்குக் கீறும் சக்தியைக் கொடுத்தது துடைத்தவருடைய கைப்பலம். அந்தக் கைப்பலத்தைத் தூண்டியது, உடனே பளபளப்பைக் கண்டுவிட வேண்டும் என்ற அவருடைய அவசரம்.

விஷயம் தெரிந்தவர் இப்படிச் செய்வதில்லை. வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கிறார். சூட்டில் விழுந்த நீர் உடனே வற்றி உப்புத் திட்டுகளை விட்டுச் செல்லும் என்பதை அவர் அறிவார். பிறகு கையால் தொடாமலே நீரை ஊற்றி, உதிரக்கூடியதையெல்லாம் உதிர விடுகிறார். அதன் பின்னரே ஷாம்பு நுரை. அதற்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி. மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில், துணியின் பாரத்துக்கு மேல் அழுத்தம் சேராமல் துடைத்து வருகிறார். சக்கரங்களுக்கும் மட்கார்டின் அடிப்புறத்துக்கும் வேறு துணி. தரையில் விழுந்த துணி அலசப்படாமல் டாங்கின் மேல் ஏறுவதில்லை. இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: கைக்கு முன்னே நீர் செல்ல வேண்டும்.

இந்த அடிப்படையைச் சைவ சித்தாந்தம் வேறொரு தளத்தில் வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. மாயையையும் கன்மத்தையும் இடையில் வந்து கூடிய ஆகந்துக மலங்கள் என்றும், ஆணவத்தைச் செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியாகவே கூடிய சகஜ மலம் என்றும் வகுத்த அந்தத் தரிசனம், ஆணவத்தை உயிர் தன் பலத்தால் பிய்த்தெறிந்துவிடலாம் என்று சொல்லவில்லை. மலம் பரிபாகம் அடைய வேண்டும், அதன் பிடிப்புத் தளர வேண்டும், அப்பொழுதே அருட்சக்தி பதியும் என்றது. தியானத்தில் அமர்ந்து தன் கோபத்தோடும் காமத்தோடும் மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் போதனையின் அருமை விளங்கும். பக்குவப்படாத குற்றத்தைப் பலாத்காரமாகக் களைய முற்படுகிறவன், பல சமயங்களில் அந்தக் குற்றத்தைத் தன்மேலேயே இழுத்துத் தேய்த்துக்கொள்கிறான். கோபம் போகாமலிருக்க, அதைக் குறித்த சுயவெறுப்பு புதிய வடுவாகச் சேர்கிறது.

அப்படியானால் பேசாமல் காத்திருப்பதுதான் தர்மமா என்று ஒருவர் ஆக்ஷேபிக்கலாம். அதற்கும் வண்டியிலேயே விடை இருக்கிறது. டாங்கின் மேல் விழுந்த காக்கை எச்சத்தை, தானே போகட்டும் என்று வெயிலில் விட்டுவைத்தால், அது பூச்சை அரித்து நிரந்தரமான தழும்பை உண்டாக்கும். நகத்தால் சுரண்டினாலோ அப்பொழுதே கீறல். நனைந்த துணியை அதன் மேல் சற்று நேரம் போட்டு வைத்து, நெகிழ்ந்த பின் எடுப்பவரே இரண்டு தீங்குகளிலிருந்தும் தப்புகிறார். பரிபாகத்தைச் சோம்பலுக்குச் சமாதானமாகச் சொல்வது பொருந்தாது. ஊற வைப்பதும் ஒரு செயலே, அதுவும் தாமதமின்றித் தொடங்க வேண்டிய செயல்.

கருவியைப் பற்றியும் சமயங்கள் எண்ணிப் பார்த்திருக்கின்றன. திகம்பர சமண முனிவர்கள் மயிற்பீலிக் கற்றை ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். மயில் தானாக உதிர்த்த பீலிகளால் ஆனது அது. உட்காரும் இடத்தையும் பொருள் வைக்கும் இடத்தையும் அதனால் மெல்ல நீவி, அங்கே ஊரும் சிற்றுயிர் எதுவும் நசுங்காதபடி பார்த்துக்கொள்வார்கள். தூய்மை செய்யும் கருவி, தூய்மை செய்யப்படும் இடத்தில் உள்ள மிகப் பலவீனமான உயிருக்கும் இரங்க வேண்டும் என்ற கொள்கை அதில் அடங்கியிருக்கிறது. இதற்கு நேர்மாறான காட்சியையும் தமிழகம் கண்டது. திருப்பணி என்ற பெயரில், கோயில் சுவர்களில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் போக்குவதற்காக மணலை வேகமாகப் பாய்ச்சியபோது, அழுக்கோடு சிற்பங்களின் நுண்மையும் கல்வெட்டுகளின் எழுத்தும் தேய்ந்து போயின. செய்தவர்கள் நாஸ்திகர்கள் அல்லர். கோயில் புதிதாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையே அவர்களை உந்தியது.

இனி, விழுந்துவிட்ட கீறலுக்குப் பிராயச்சித்தம் என்ன? பாலிஷ் போட்டால் கீறல் மறைகிறது என்பது உண்மை. ஆனால் மறையும் விதத்தைப் பலர் அறிவதில்லை. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள நல்ல பூச்சையெல்லாம் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குகிறது. மெழுகு நிரப்புகிறதே எனில், சில கழுவல்களில் அது கரைந்ததும் பழைய கோடுகள் மீண்டும் தலைகாட்டும். ஆகவே ஒவ்வொரு திருத்தமும், இருக்கிற சொற்ப மூலதனத்திலிருந்தே செலவாகிறது; அடிக்கடி திருத்தப்பட்ட டாங்கில் ஒருநாள் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. ஓயாமல் தன்னையே கண்டித்துக்கொள்கிற சாதகனும், ஓயாமல் கண்டிக்கப்படுகிற குழந்தையும் இவ்வகையில்தான் தேய்ந்துபோகிறார்கள். கடுந்தவத்தில் உடலை ஒடுக்கிய கௌதமர் அந்த மார்க்கத்தைக் கைவிட்டு நடுவழியை மேற்கொண்டதற்கு, உடலும் மனமும் தேய்ந்த பிறகு ஞானத்தைத் தாங்க என்ன இருக்கும் என்ற விவேகமே காரணமாயிற்று.

ஹிம்சை சிறிதுமில்லாத சுத்தி உலகில் சாத்தியமன்று. எவ்வளவு மிருதுவான துணியும், எவ்வளவு தெளிந்த நீரும் அணுவளவேனும் எதையோ எடுத்துக்கொண்டுதான் போகின்றன. ஆதலால், புண்ணியமா ஹிம்சையா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்பவருக்கு விடை கிடையாது. செய்பவரிடம் நாம் கேட்கத் தக்கவை மூன்று: அழுக்கு உண்மையிலேயே இருக்கிறதா, அதை ஊற வைத்தீரா, அது நீங்கிய பிறகு பொருள் எவ்வளவு மிஞ்சும்? இம்மூன்றுக்கும் விடை சொல்ல முடியாதவர், பிறர் மனத்தையோ ஒரு சமூகத்தின் ஆசாரத்தையோ தம் மனத்தையோ சுத்தி செய்யப் புறப்படுமுன், துணியைக் கீழே வைத்துவிட்டு நீர் மொண்டு வருவதே உசிதம்.