கேட்டவர்கள் நடந்தார்கள்

(ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா மறையுரை)



மத்தேயு நற்செய்தியை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டு வாருங்கள். முதலில் மூதாதையர் பட்டியல். அடுத்து கனவில் வானதூதர் பேசுகிறார். யோசேப்பு எழுந்து சொன்னபடி செய்கிறாரே தவிர, வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. மனிதர் பேசுவதை நாம் முதன்முதலாகக் கேட்பது இன்று வாசித்த பகுதியில்தான். பேசுகிறவர்கள் கீழ்த்திசை ஞானிகள். அவர்கள் பேசுவது ஒரு கேள்வி. பிறந்திருக்கும் அரசர் எங்கே என்று எருசலேமில் வந்து விசாரிக்கிறார்கள்.

ஏரோது மறைநூல் அறிஞர்களைக் கூட்டுகிறான். அவர்களுக்கு விடை தெரியும். பெத்லகேம் என்று சொல்லிவிடுகிறார்கள். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். விடை தெரிந்த அந்தப் பெரியவர்களில் ஒருவராவது அந்த 9 கிலோமீட்டர் நடந்ததாக மத்தேயு எழுதவில்லை. கேள்வியோடு வந்த வெளியூர்க்காரர்கள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இதை இன்று சொல்லக் காரணம் உண்டு. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது சிலர் ஓரமாக வந்து, "சாமி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது" என்று தொடங்குவார்கள். பாவம் புண்ணியம் பற்றிய சந்தேகம் என்று நினைத்தால், வருவது வேறு. நம் பங்கில் தச்சுவேலை செய்கிற ஒருவர் அப்படித்தான் கேட்டார்: "சாமி, விண்வெளி நிலையத்துல மிதக்கிறாங்களே, அங்க பூமியோட இழுப்பே கிடையாதா?"

நல்ல கேள்வி. படித்தவர்களே இதில் தடுக்கி விழுவார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருப்பதால். கல்லை மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், ஓங்கி எறிந்தால் தள்ளி விழும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எறிந்துவிட்டால்? அது கீழே வளைந்து விழுகிற அளவுக்கே உருண்டையான பூமியும் வளைந்துகொண்டு போகிறது. ஆகவே கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. நிலையமும் அதிலுள்ள மனிதர்களும் அப்படி ஒன்றாக விழுகிறார்கள். 90 நிமிடத்தில் உலகை ஒரு சுற்று. நாளுக்கு 16 முறை சூரிய உதயம் பார்க்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப இழுப்பு இருக்கறதாலதான் சுத்துது. இல்லன்னா நேரா ஓடிப்போயிருக்கும்." பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

இந்த மாதிரிக் கேள்விகளைக் கண்டு நாம் ஏன் பயப்படுகிறோம்? பிள்ளை வானத்தைக் காட்டி ஒன்று கேட்டால், "சாமி படைச்சது, பேசாம ஜெபம் சொல்லு" என்று வாயை அடைக்கிற பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். பெற்றோரை மட்டும் சொல்வது நியாயமில்லை. 1633இல் கலிலேயோவைத் தீர்ப்புக்கு உட்படுத்தியது திருச்சபை. அந்த விசாரணையில் நேர்ந்த தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992இல். இடையில் ஓடியது 359 ஆண்டு. கேள்வியைக் கண்டு பயந்தால் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை நம் வரலாறே சொல்கிறது.

அதே வரலாற்றில் வேறு பக்கங்களும் உண்டு. வானத்தில் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதி ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒற்றை விண்மீனாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு என்று 1689 டிசம்பரில் கண்டுபிடித்தவர் ஷான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைக் குரு. எங்கிருந்து பார்த்தார் தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து. ஒரு வால்மீனைத் தேடித் தொலைநோக்கியைத் திருப்பியவருக்கு இது கிடைத்தது.

இன்னொருவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெல்ஜியம் நாட்டுக் குரு ஜார்ஜ் லெமைத்ர். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர், 1923இல் குருவானவர், லூவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பேரண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் கட்டுரை எழுதினார். ஐன்ஸ்டைன் அவரைச் சந்தித்தபோது கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருள்படச் சொன்னார். லெமைத்ர் அசரவில்லை. 1931இல் இன்னும் ஒரு படி போய், விரிகிற அண்டம் தொடக்கத்தில் ஒரு சிறு புள்ளிக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றார். இன்று பள்ளிப் பிள்ளைகள் பெருவெடிப்பு என்று படிப்பது அதன் வழிவந்ததுதான்.

எனக்கு அவரிடம் பிடித்தது இதற்குப் பிறகு நடந்தது. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த அறிவியல் படைப்பைப் பற்றிய நம் விசுவாசத்துக்குச் சான்று தருவதுபோலப் பேசினார். வேறொரு குருவாக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். லெமைத்ருக்கு அது உவப்பாக இல்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அடுத்த ஆண்டு உரோமையில் வானியலாளர்களிடம் பேசிய திருத்தந்தை அந்த ஒப்பீட்டை மறுபடி எடுக்கவில்லை.

லெமைத்ர் எதைக் கண்டு தயங்கினார் என்று யோசித்துப் பாருங்கள். அறிவியலுக்கு இன்று விளங்காத இடமெல்லாம் ஓட்டைப் பானை என்றும், அதை அடைக்கிற களிமண் கடவுள் என்றும் நினைத்தால், நாளைக்கு எவரோ விடை கண்டுபிடிக்கும்போது கடவுள் வெளியே விழுந்துவிடுவார். விளங்காததற்கு மட்டும் ஆண்டவர் அல்லர் அவர். தச்சர் விளங்கிக்கொண்ட அந்த ஈர்ப்புக்கும் அவரே ஆண்டவர்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். யோசுவா காலத்தில் சூரியன் நின்ற நாளை நாசா கணினி கண்டுபிடித்துவிட்டது என்று வாட்சப்பில் சுற்றுகிறதே, அது பொய். அப்படி எதையும் நாசா கண்டுபிடிக்கவில்லை. நம் பங்குக் குழுவிலேயே அதை ஆறேழு பேர் "ஆமென்" போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய நிலையில் நம் கடவுள் இல்லை.

ஞானிகள் பார்த்த விண்மீன் எது என்று மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். கி.மு. 7இல் வியாழனும் சனியும் ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கி வந்தன. அதைக் கணக்கிட்டு ஞானிகளின் விண்மீனோடு இணைத்துப் பார்த்தவர் வானியலாளர் கெப்ளர். ஆனால் எந்தக் கோளும் ஒரு வீட்டுக்கு மேல் வந்து நிற்காது. மத்தேயு எழுதியது பஞ்சாங்கம் அல்ல. வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்ட பிற இனத்தாருக்கும் கடவுள் தம்மைக் காட்டினார் என்பதே அவர் சொல்ல வந்தது. பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

நமக்கு அருகிலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் நடந்ததையும் மறக்கக் கூடாது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதால் ராக்கெட் ஏவ விக்ரம் சாராபாய் அந்தக் கடற்கரையைக் கேட்டார். அங்கே புனித மகதலா மரியா ஆலயமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தாமே முடிவு செய்யவில்லை. ஞாயிறு திருப்பலியில் மக்களிடம் கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள். இதை அப்துல் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஆலயம்தான் முதல் ராக்கெட் பணிமனை. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தங்கள் கோயிலையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தவர்கள் வலை வீசிப் பிழைத்த விசுவாசிகள்.

ஆகவே அன்பார்ந்தவர்களே, அடுத்த ஞாயிறு முதல் மறைக்கல்வி வகுப்பின் கடைசிக் கால் மணி நேரம் கேள்விக்கென்று ஒதுக்கப்படும். பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பெரியவர்களும் வந்து உட்காரலாம். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், மறுவாரம் தேடிக்கொண்டு வாருங்கள். நம் பங்கில் இயற்பியல் படித்த இளையோர் இருக்கிறீர்கள். திருப்பலி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். ஆமென்.